கர்நாடகத்தில் ஏன் ஒரு திமுக வரவில்லை?

பெங்களூரில் குடியேறிய நம்மவர்களிடம் தேர்தல் சமயத்தில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு விஷயம் கட்டாயம் வரும். ஒன்று, "இங்க எந்த கவர்ன்மெண்ட்டும் நிக்க மாட்டேங்குதே" என்ற அங்கலாய்ப்பு. இன்னொன்று, "கன்னடம் கன்னடம்னு இவ்வளவு பேசறாங்க, நம்மூர் மாதிரி ஒரு மாநிலக் கட்சியை ஏன் வளர்க்கலை?" என்ற கேள்வி.

இரண்டாவது கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் 1967-ல் ஆட்சிக்கு வந்த திராவிடக் கட்சிகள் 2021 வரை எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் கோட்டையை வெளியாருக்கு விடவில்லை. பக்கத்து ஆந்திராவில் 1983-ல் தெலுங்கு தேசம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கர்நாடகத்தில் மட்டும் காங்கிரஸ், ஜனதா, பாஜக என்று டெல்லிப் பெயர்ப்பலகை மாட்டிய கட்சிகளே மாறி மாறி வந்திருக்கின்றன. அப்படியானால் கன்னடர்களுக்கு மாநில உணர்வு கம்மியா? இல்லை என்பதுதான் என் கட்சி. அந்த உணர்வைத் தமிழன் ஒரு கட்சியிடம் கொடுத்து வைத்தான்; கர்நாடகத்துக்காரர் அதை வாக்குச்சீட்டில் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். எப்படி என்று பார்ப்போம்.

(டிஸ்கி: எந்தக் கட்சிக்கும் பிரச்சாரம் இல்லை. எல்லோருக்கும் சமமாகக் குட்டு உண்டு.)

மகாராஜா காலத்துக் கதை

மைசூர் சமஸ்தானத்தில் பிரஜா பிரதிநிதி சபை என்று ஒன்று 1881-லேயே கூடியது. அதிகாரம் பெரிதாக ஒன்றும் கிடையாது. மகாராஜாவின் திவான் நிர்வாகக் கணக்கை வாசிப்பார், வந்தவர்கள் குறைகளைச் சொல்வார்கள். ஆனாலும் அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். அதைக் கூட்டிய திவான் ரங்காச்சார்லு, சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்.

இங்கேதான் நமக்குச் சுவாரசியமான ஒரு கிளைக்கதை. அந்தக் காலத்தில் மைசூரின் பெரிய உத்தியோகங்களில் நிறைய பேர் சென்னை மாகாணத்துப் பிராமணர்கள். அதை எதிர்த்து "மைசூர் மைசூர்க்காரர்களுக்கே" என்ற முழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கிளம்பிவிட்டது. முதலில் எழுப்பியவர்கள் உள்ளூர்ப் பிராமணர்கள். வெளியூர்க்காரன் வந்து நல்ல வேலையை எல்லாம் எடுத்துக்கொள்கிறான் என்ற புகார் இந்த ஊரில் ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு பிறந்தது அல்ல. அதற்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. அன்றும் அந்த வெளியூர்க்காரன் பெரும்பாலும் நம்மூர் ஆசாமிதான்!

பிறகு ஒக்கலிகர்களும் லிங்காயத்துகளும் சங்கம் வைத்து, உள்ளூரோ வெளியூரோ, பிராமணர்களே எல்லா வேலையிலும் இருக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918-ல் லெஸ்லி மில்லர் என்ற நீதிபதி தலைமையில் ஒரு கமிட்டி போட்டார். அதன் பரிந்துரையில் 1921-ல் பிற்படுத்தப்பட்டோருக்கு வேலைகளில் இடம் ஒதுக்கும் உத்தரவு வந்தது. அதே 1921-ல்தான் சென்னையில் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி உத்தரவு போட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கோரிக்கை ஒன்றுதான். ஆனால் வழி வேறு. சென்னையில் அதற்காகக் காங்கிரஸுக்கு எதிரான ஒரு கட்சியும், பின்னால் பெரியாரின் இயக்கமும் வந்தன. மைசூரில் மகாராஜாவே கொடுத்துவிட்டார். பிராமணரல்லாத தலைவர்கள் நடத்திய மக்கள் கூட்டமைப்பு 1937-ல் அப்படியே மைசூர் காங்கிரஸில் கலந்துவிட்டது. அந்தக் கூட்டத்திலிருந்து வந்த கே.சி. ரெட்டிதான் 1947 அக்டோபரில் மைசூரின் முதல் முதலமைச்சர். அதாவது சுதந்திரம் வரும்போதே இங்கே காங்கிரஸின் கடிவாளம் ஒக்கலிகர், லிங்காயத்து, ரெட்டி கையில். நம்மூரில் அந்த இடத்துக்குக் காமராஜர் வர 1954 ஆனது. அதற்குள் திமுக பிறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

ஐந்து துண்டு ஒட்டிய மாநிலம்

1956 நவம்பர் 1 அன்று பிறந்த புதிய மைசூர் மாநிலம் ஐந்து துண்டுகளை ஒட்டிச் செய்தது. பழைய மைசூர், பம்பாய் மாகாணத்திலிருந்து பெல்காம், தார்வாட், பிஜாப்பூர், வட கன்னடம், ஹைதராபாத் நிஜாமிடமிருந்து குல்பர்கா, ராய்ச்சூர், பீதர், சென்னையிலிருந்து தென் கன்னடமும் கொள்ளேகாலும், அப்புறம் தனி மாநிலமாகவே இருந்து தேர்தல் நடத்திய குடகு. (பெல்லாரி மட்டும் 1953-லேயே சென்னையிலிருந்து வந்துவிட்டது.)

ஐந்துக்கும் மொழி ஒன்றுதான். ஆனால் நிலவரி வேறு, பள்ளிக்கூடம் வேறு, எந்த ஊர் கோர்ட்டுக்குப் போனார்கள் என்பது வேறு, பயந்த துரையும் வேறு. முக்கியமாகச் சாதிக் கணக்கு வேறு. பழைய மைசூரில் ஒக்கலிகர் கை ஓங்கியிருந்தது. வடக்கு சேர்ந்ததும் லிங்காயத்துகள் மாநிலத்திலேயே பெரிய அரசியல் சக்தியானார்கள். இது தெரிந்துதான் பழைய மைசூரின் ஒக்கலிகத் தலைவர்கள் பலர் இணைப்பை எதிர்த்தார்கள். விதான சௌதாவைக் கட்டிய முதல்வர் கெங்கல் ஹனுமந்தையா ஒக்கலிகர். அவர் இணைப்பை ஆதரித்தார். 1956 ஆகஸ்டில் அவர் பதவி போனது. ஒன்றுபட்ட மாநிலத்தின் முதல்வராக உட்கார்ந்தவர் நிஜலிங்கப்பா, லிங்காயத்து. அடுத்து பி.டி. ஜத்தி, எஸ்.ஆர். கண்டி, மறுபடி நிஜலிங்கப்பா, பிறகு வீரேந்திர பாட்டீல் என்று 1971 வரை முதல்வர் நாற்காலியில் லிங்காயத்துகள் மட்டுமே.

1962 தேர்தலில் ஒரு கூத்து. காங்கிரஸ் 208-ல் 138 இடம் பிடித்தது, ஆனால் நிஜலிங்கப்பா தன் தொகுதியில் தோற்றுவிட்டார். கண்டி மூன்று மாதம் நாற்காலியைக் காத்து வைத்திருந்து, அவர் இடைத்தேர்தலில் ஜெயித்து வந்ததும் எழுந்து கொடுத்தார். இப்போதெல்லாம் யார் எழுந்து கொடுக்கிறார்கள்?

1967-ல் நம்மூரில் காங்கிரஸ் சரிந்தது, வடக்கிலும் பல மாநிலங்களில் சரிந்தது. மைசூரில் 216-க்கு 126 வாங்கி உட்கார்ந்துவிட்டது. மொழிப் போராட்டம் ஒரு தலைமுறையையே வீதிக்குக் கொண்டுவந்த மாதிரி இங்கே எதுவும் நடக்கவில்லை. ஐந்து துண்டுக்கும் பொதுவான கோபம் என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை.

அர்ஸ் செய்த வேலை

1969-ல் காங்கிரஸ் உடைந்தபோது இந்திரா காந்தியைக் கட்சியிலிருந்து நீக்கிய தலைவர் வேறு யாருமல்ல, இதே நிஜலிங்கப்பாதான். மாநில அரசும் அவர் பக்கம். ஆனால் 1971 நாடாளுமன்றத் தேர்தலில் மைசூரின் 27 தொகுதியும் இந்திராவுக்கு. 27-க்கு 27! மாநில ஆட்சி உடனே கவிழ்ந்தது. 1972-ல் இந்திரா காங்கிரஸுக்கு 216-ல் 165 இடம். முதல்வராக வந்தவர் தேவராஜ் அர்ஸ்.

அர்ஸ் என்பது நம் 'அரசு'தான். மைசூர் அரச குடும்பத்தோடு தொடர்புடைய மிகச் சிறிய சமூகம். ஓட்டு பலமே கிடையாது. ஆகவே அவர் ஒக்கலிகரும் லிங்காயத்தும் அல்லாத மற்ற எல்லோரையும் சேர்த்து ஒரு கூட்டம் கட்டினார்: சிறு சிறு பிற்படுத்தப்பட்ட சாதிகள், தலித்துகள், முஸ்லிம்கள். ஹாவனூர் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் கமிஷன் போட்டார். 1974-ல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டத் திருத்தம் குத்தகைதாரருக்கே நிலம் என்றது. கரையோர மாவட்டங்களில் அது ஊர்களையே புரட்டிப் போட்டது. 1973 நவம்பர் 1-ல் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

நம்மூரில் திராவிட இயக்கம் செய்ததில் ஒரு பெரிய பகுதியை, அதாவது அதிகாரத்தைக் கீழே இருந்த சாதிகளுக்குக் கொண்டு போனதை, இங்கே காங்கிரஸுக்குள் இருந்தே ஒரு முதல்வர் செய்துவிட்டார். ஒரு திமுக வருவதற்கான காலி இடம் இரண்டாவது முறையாக நிரம்பியது.

இதன் பலன் 1977-ல் தெரிந்தது. எமர்ஜென்சிக்குப் பிறகு வட இந்தியா காங்கிரஸைத் துடைத்துப் போட்டபோது கர்நாடகம் 28-ல் 26 கொடுத்தது. ரேபரேலியில் தோற்ற இந்திரா 1978 நவம்பரில் சிக்மகளூருக்கு வந்து வீரேந்திர பாட்டீலை 77,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

அடுத்த வருடமே அர்ஸுக்கும் இந்திராவுக்கும் முட்டிக்கொண்டது. அர்ஸ் வெளியே வந்தார். ஓட்டெல்லாம் தன்னோடு வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தால் அது பொய்த்தது. 1980 நாடாளுமன்றத் தேர்தலில் 28-ல் 27 இந்திராவுக்கு, அர்ஸ் கட்சிக்குப் பூஜ்யம். பிறகு அவர் கிராந்தி ரங்கா என்று மாநிலக் கட்சி ஒன்று ஆரம்பித்தார். 1982-ல் இறந்தும் போனார்.

ராஜ்குமார் கட்சி ஆரம்பிக்கவில்லை

1980-க்கும் 1983-க்கும் நடுவில் ஒரு மாநிலக் கட்சி பிறக்கத் தேவையான எல்லாமே இங்கே இருந்தது. முதல்வர் குண்டுராவ் டெல்லியின் ஆள் என்ற பெயர் எடுத்தார். நரகுந்தில் விவசாயிகள் மீது 1980-ல் துப்பாக்கிச் சூடு. ரைத்த சங்கம் வளர்ந்தது. 1982-ல் பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு கோகாக் போராட்டம் வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கி ஊர் ஊராகப் போனவர் டாக்டர் ராஜ்குமார். (அவர் பிறந்த காஜனூர் இன்றைக்கு ஈரோடு மாவட்டம், தாளவாடிப் பக்கம்.) ஐந்து துண்டுகளிலும் ஒரே மாதிரி கூட்டம் கூட்டக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

1983 ஜனவரியில் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் ஒரே சமயத்தில் தேர்தல். அங்கே என்.டி.ஆர். கட்சி ஆரம்பித்து ஒன்பது மாதத்தில் முதல்வர். இங்கே ராஜ்குமார் கட்சியும் ஆரம்பிக்கவில்லை, தேர்தலிலும் நிற்கவில்லை. கடைசிவரை நிற்கவே இல்லை. அந்த அலையில் யார் பலன் அடைந்தார்கள்? ஜனதா கட்சி. ஜனதா 95, காங்கிரஸ் 82, பாஜக 18. கர்நாடகத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத முதல்வராக ராமகிருஷ்ண ஹெக்டே பதவியேற்றார். பாஜக வெளியிலிருந்து ஆதரவு.

பெயரளவில் ஜனதா ஒரு தேசியக் கட்சி. ஆனால் டெல்லியில் அது ஏற்கெனவே சிதறிப்போயிருந்ததால், பெங்களூரில் இருந்தவர்கள் டெல்லியைக் கேட்டு நடக்க வேண்டிய அவசியம் இல்லை. நடைமுறையில் அதுவே மாநிலக் கட்சி.

இரண்டரை மாதத்தில் இரண்டு தீர்ப்பு

இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

1984 அக்டோபரில் இந்திரா கொலை. டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். கர்நாடகத்தில் காங்கிரஸுக்கு 28-ல் 24. வாக்கு 51 சதவீதத்துக்கு மேல். ஆளும் ஜனதாவுக்கு நாலே நாலு. ஹெக்டே, மக்கள் நம்பிக்கையை இழந்துவிட்டோம் என்று சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனார். தற்கொலை முயற்சி என்று சொன்னவர்கள் உண்டு.

1985 மார்ச்சில் தேர்தல். ஜனதா 139, காங்கிரஸ் 65. காங்கிரஸின் வாக்கு சுமார் 41 சதவீதம். அதே மக்கள், அதே ஊர், இரண்டரை மாத இடைவெளி. பத்து சதவீத வாக்காளர்கள் டெல்லிக்கு ஒரு கட்சி, பெங்களூருக்கு ஒரு கட்சி என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அனுதாப அலை ஓய்ந்தது ஒரு காரணம்தான். ஆனால் அதே மார்ச்சில் தேர்தல் நடந்த வேறு பல மாநிலங்களில் காங்கிரஸ் ஜெயித்ததே!

இது ஒரு தடவை நடந்த விபத்து இல்லை. பிற்காலக் கணக்கைப் பாருங்கள்:

2013 சட்டமன்றம்: காங்கிரஸ் 122, பாஜக 40. அடுத்த வருடம் நாடாளுமன்றம்: பாஜக 17, காங்கிரஸ் 9.

2018 சட்டமன்றம்: பாஜகவுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, 104. அடுத்த வருடம் நாடாளுமன்றம்: பாஜக 25, காங்கிரஸ் 1, மஜத 1, சுயேச்சை 1.

2023 சட்டமன்றம்: காங்கிரஸ் 135, பாஜக 66. அடுத்த வருடம் நாடாளுமன்றம்: பாஜகவும் மஜதவும் சேர்ந்து 19, காங்கிரஸ் 9.

2004-ல் இரண்டு தேர்தலும் ஒன்றாகவே நடந்தன. பாஜக நாடாளுமன்றத்துக்குக் கிட்டத்தட்ட 35 சதவீதம், சட்டமன்றத்துக்கு 28 சதவீதம். ஒரே நாள், ஒரே பூத், ஒரே விரல் மை, இரண்டு பட்டன்.

1989, 1999 போல இரண்டுக்கும் ஒரே கட்சியைத் தேர்ந்தெடுத்த வருடங்களும் உண்டு. ஆனால் "டெல்லியில் நீ இருக்கிறாய் என்பதற்காக இங்கேயும் நீயே இரு என்று சொல்ல மாட்டேன்" என்ற பழக்கம் இங்கே நன்றாக வேரூன்றியிருக்கிறது. இதைத்தான் மாநில உணர்வு வாக்குச்சீட்டில் இருக்கிறது என்று மேலே சொன்னேன்.

இன்னொரு பழக்கமும் 1985-ஓடு ஆரம்பம். அந்தத் தேர்தலுக்குப் பிறகு 2023 வரை எந்த ஆளும் கட்சியையும் கர்நாடகம் திரும்பத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹெக்டேயின் கட்சியே 1989-ல் 24 இடத்துக்குச் சுருங்கியது, காங்கிரஸுக்கு 178. அந்தக் காங்கிரஸே 1994-ல் 34. தேவ கௌடாவின் ஜனதா தளத்துக்கு அப்போது 115. அவர் 1996-ல் பிரதமராகப் போக, கட்சி உடைந்து, 1999-ல் எஸ்.எம். கிருஷ்ணா தலைமையில் காங்கிரஸ் 132.

1991 டிசம்பர்

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 178 இடத்தோடு வந்த வீரேந்திர பாட்டீலை, பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, 1990 அக்டோபரில் ராஜீவ் காந்தி பெங்களூர் விமான நிலையத்தில் நின்று மாற்றப் போவதாக அறிவித்தார். லிங்காயத்துகள் காங்கிரஸை விட்டு விலகிப் போனதற்கு இன்றைக்கும் இந்தச் சம்பவத்தைத்தான் காட்டுவார்கள். அடுத்து வந்தவர் பங்காரப்பா.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை மத்திய அரசு 1991 டிசம்பரில் அரசிதழில் வெளியிட்டதும் பெங்களூரிலும் மைசூர் பக்கத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எல்லை தாண்டி ஓடின. அல்சூரில் திருவள்ளுவர் சிலை அந்த வருடம் சாக்குத் துணியால் மூடப்பட்டது. திறக்க 2009 ஆகஸ்ட் ஆனது. பங்காரப்பா பின்னர் தனிக்கட்சி ஆரம்பித்தார். 1994-ல் அது வாங்கியது 10 இடம். காவிரிக் கோபம் அவ்வளவு பெரிதாக எரிந்த மாநிலத்தில், அதை வைத்து ஒரு மாநிலக் கட்சி கட்ட முடியவில்லை. வடக்கே குல்பர்காக்காரருக்குக் காவிரி எங்கோ ஓடும் ஆறு. அவர் கவலை கிருஷ்ணா நதி. ஐந்து துண்டு மறுபடி குறுக்கே நின்றது.

ஹெக்டேயின் லோக் சக்தி, எடியூரப்பாவின் கர்நாடக ஜனதா பக்ஷ, ஸ்ரீராமுலுவின் பி.எஸ்.ஆர். காங்கிரஸ் என்று வரிசையாக வந்த எல்லாவற்றுக்கும் ஒரு தேர்தல், மிஞ்சினால் இரண்டு தேர்தல்தான் ஆயுள். நிலைத்து நின்றது தேவ கௌடாவின் மதச்சார்பற்ற ஜனதா தளம் மட்டும். அதுவும் பெரும்பாலும் பழைய மைசூரில். 2004-ல் 58 என்ற உச்சம், 2023-ல் 19.

ஓட்டு ஒரு கணக்கு, சீட்டு ஒரு கணக்கு

"எந்த கவர்ன்மெண்ட்டும் நிக்க மாட்டேங்குதே" என்பதற்கு வருவோம்.

2004, 2008, 2018 ஆகிய மூன்று தேர்தலிலும் மாநிலத்தில் அதிக ஓட்டு வாங்கிய கட்சி காங்கிரஸ். மூன்றிலும் அதிக இடம் பிடித்த கட்சி பாஜக. 2008-ல் காங்கிரஸ் 34.8 சதவீதம், இடம் 80. பாஜக 33.9 சதவீதம், இடம் 110. 2018-ல் காங்கிரஸ் 38.1 சதவீதத்துக்கு 80, பாஜக 36.3 சதவீதத்துக்கு 104.

மோசடி எதுவும் இல்லை. காங்கிரஸ் ஓட்டு எல்லா மாவட்டத்திலும் தோசை மாவு மாதிரிப் பரவியிருக்கிறது. பாஜகவின் ஓட்டு கரையோரத்திலும் மத்திய, வடக்கு மாவட்டங்களிலும் கெட்டியாக இருக்கிறது. மஜதவின் ஓட்டு மைசூர், மண்டியா, ஹாசன் பக்கம். பரவிய ஓட்டு நிறைய இடத்தில் இரண்டாவதாக வரும். குவிந்த ஓட்டு ஜெயிக்கும்.

2023-ல் பாஜக வாங்கியது 36 சதவீதம், அதாவது 2018-ல் வாங்கியதேதான். இடம் மட்டும் 104-லிருந்து 66. மஜதவிடமிருந்து ஐந்து சதவீதம் கழன்றது, காங்கிரஸ் கிட்டத்தட்ட 43-க்கு ஏறியது. மூன்று முனைப் போட்டியில் மூன்றாவது ஆள் இளைத்தால் முதல் இரண்டு பேரின் தலைவிதியே மாறும்.

இந்தக் கணக்கில் பெரும்பான்மைக்கு நாலைந்து குறையும் தேர்தல்கள் அடிக்கடி வரும். அப்போது ஆரம்பிப்பதுதான் எம்.எல்.ஏ. வியாபாரம். 2006-ல் குமாரசாமியும் பாஜகவும் இருபது மாதம் எனக்கு, இருபது மாதம் உனக்கு என்று ஒப்பந்தம் போட்டு, முறை வந்தபோது மஜத கைவிட்டது. 2007 நவம்பரில் எடியூரப்பா ஒரு வாரம் முதல்வர். 2008-ல் 110-ஓடு வந்தவர் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்களை ராஜினாமா செய்ய வைத்து, பாஜக டிக்கெட்டில் திரும்ப ஜெயிக்க வைத்தார். 'ஆபரேஷன் கமலா' என்ற பெயர் அப்போது வந்தது. 2011-ல் சுரங்க ஊழல் பற்றிய லோகாயுக்தா அறிக்கையால் பதவியும் போனது. 2018-ல் மூன்றாம் முறை, இரண்டரை நாள். 2019-ல் காங்கிரஸ்-மஜத கூட்டணியின் 17 பேர் விலகி ஆட்சி கவிழ, நான்காம் முறை. நாலு தடவை முதல்வர், ஒரு தடவைகூட முழுக் காலம் இல்லை. ஒரு சட்டமன்றத்தின் ஆரம்பம் முதல் கடைசி வரை ஐந்து வருடமும் முதல்வராக இருந்தவர்கள் என்று பார்த்தால் தேவராஜ் அர்ஸும், 2013-18-ல் சித்தராமையாவும்தான்.

வாக்காளரை ரொம்பவும் புகழ்ந்துவிட வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: 2019 டிசம்பரில் 15 தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. கட்சி தாவியவர்களுக்கு மக்கள் பாடம் கற்பிப்பார்கள் என்று எழுதாத பத்திரிகை இல்லை. பாஜக 12-ல் ஜெயித்தது. தொகுதி என்று வரும்போது சாதியும், ஆளும் கட்சி எம்.எல்.ஏ. இருந்தால் ரோடு வரும் என்ற கணக்கும் கொள்கையை முந்திவிடுகின்றன.

தங்கவயலும் நாமும்

இந்த வரலாற்றில் தமிழர் எங்கே என்று கேட்டால் முதலில் கோலார் தங்கவயலைத்தான் சொல்ல வேண்டும். சினிமாவில் வரும் கேஜிஎஃப் அல்ல. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போன, பெரும்பாலும் தலித் குடும்பங்கள் கட்டிய ஊர். அந்தத் தொகுதி கம்யூனிஸ்டுகளை அனுப்பியிருக்கிறது, அம்பேத்கர் வழி வந்த குடியரசுக் கட்சியை அனுப்பியிருக்கிறது. 1989-லும் 1999-லும் அதிமுகவை அனுப்பியது; கர்நாடகச் சட்டமன்றத்தில் இரட்டை இலை! சங்கமும் சுரங்கமும் இருந்தவரை அந்த ஊருக்குத் தனிக் குரல் இருந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். 2008 முதல் 2023 வரை அந்தத் தொகுதியில் ஜெயித்தவை பாஜகவும் காங்கிரஸும்தான்.

பெங்களூரில் நம் எண்ணிக்கை தங்கவயலைவிடப் பல மடங்கு. ஆனால் நம்மில் எத்தனை பேர் பெயர் இங்கே வாக்காளர் பட்டியலில் இருக்கிறது? அப்பார்ட்மெண்ட் சங்கத் தேர்தலில் கார் பார்க்கிங்குக்காகச் சண்டை போடுகிறோம். சட்டமன்றத் தேர்தல் நாளில் நீண்ட வார இறுதி கிடைத்தால் ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறோம். ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கும். அங்கே தேர்தல் வரும்போது லீவு கிடைக்காது. ஆக, இரண்டு இடத்திலும் போடுவதில்லை. சட்டப்படி ஒருவர் ஓரிடத்தில்தான் வாக்காளராக இருக்கலாம். அது அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடம். பத்து வருடமாக இங்கே வாடகை கொடுப்பவருக்கு அது எந்த ஊர்?

இதில் நம் பிழைப்பும் இருக்கிறது. ஹெக்டே அரசும் அவரது பஞ்சாயத்து அமைச்சர் அப்துல் நசீர் சாபும் 1987-ல் மாவட்டப் பரிஷத்துகளுக்குத் தேர்தல் நடத்தி, பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கினார்கள். நாடு முழுவதுக்குமான பஞ்சாயத்துச் சட்டத் திருத்தம் அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் வந்தது. அப்படிப்பட்ட மாநிலத்தின் தலைநகரில், 2015-ல் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு, வருடக்கணக்காகக் கவுன்சிலர் இல்லாமல் அதிகாரிகள் ஆட்சிதான் நடந்தது. தண்ணீர் லாரிக்கும் குழி விழுந்த ரோட்டுக்கும் போய்க் கேட்க ஆள் இல்லை. குடியேறிகள் நிறைந்த நகரம் ஓட்டுப் போடாது என்று எல்லாக் கட்சிக்கும் தெரிந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இங்கே எத்தனையோ தொகுதிகளில் வெற்றி தோல்வி சில ஆயிரம் ஓட்டில் முடிகிறது.

இங்கே ஒரு திமுக இல்லையே என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர் அது இல்லாமலே டெல்லிக்கு ஒரு பட்டனும் விதான சௌதாவுக்கு ஒரு பட்டனும் அமுக்கிவிட்டு வருகிறார். இடம் மாறியவர்கள் பெயர் சேர்ப்பதற்குப் படிவம் 8, முதல் முறை சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போல ஒரு முகவரிச் சான்று வேண்டும். இதைப் படிப்பவர்களில் நாலு வீட்டுக்காரர்கள் இந்த மாதம் அதைச் செய்தாலும் எனக்குச் சந்தோஷம்.